படகுக்குப் பணம்: பிரியாணியா, இணையமா, மாதம் பத்து வெள்ளியா?

மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில், சுக்காவ் கிராமத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்ததிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. அங்கே காட்டைக் காவல் காக்கிறவர்களுக்கு ஒரு ரோந்துப் படகு வாங்கித் தர வேண்டும். எப்படி என்பதில்தான் மூன்று கட்சி.

படகு ஏன் என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில். கீழ்க் கினபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் 2005இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 26,000 ஹெக்டேர். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியைப் போல 160 மடங்கு. ஆனால் ஒரே காடாக இல்லை. ஆற்றின் இரு கரையிலும் பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது, இடையிடையே செம்பனைத் தோட்டம். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆறுதான் சாலை. சாயங்காலம் நீள்மூக்குக் குரங்குகள் வந்து உட்காரும் மரத்தடிக்கு வேட்டைக்காரனும் அதே ஆற்றில்தான் வருவான்.

அண்ணியின் கட்சி பிரியாணி. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டா வைத்து, பொட்டலம் கட்டி விற்பது. போன முறை வேறொரு காரியத்துக்காக இப்படிச் செய்தபோது இரண்டாவது அண்டா அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துக் கட்டியும் புகை வாசம் போகவில்லை. இருந்தாலும் எல்லாம் விற்றது. நம் ஆட்களிடம் கை நீட்டிக் கேட்பதைவிடச் சாப்பாட்டைக் கொடுத்துக் கேட்பது எளிது.

தம்பியின் கட்சி இணையத் திரட்டு. ஒரு காணொளி, கைப்பேசியில் பணம் அனுப்ப ஒரு பேநவ் கியூஆர், முடிந்தது என்கிறான்.

இரண்டுக்கும் ஒரே முட்டுக்கட்டை. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்குப் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுமக்களிடம் திரட்டினால், செலவு போக மிஞ்சுவதில் குறைந்தது 80 விழுக்காட்டை உள்ளூரிலேயே செலவழிக்க வேண்டும். ஆணையர் தளர்த்தினால்தான் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து பொட்டலம் விற்றால் ஒன்றின் லாபம்தான் ஆற்றுக்குப் போகும். 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்ப 50,000 திரட்ட வேண்டும். எத்தனை அண்டா அது! அங்கீகாரம் பெற்ற உள்ளூர் அறநிறுவனங்களுக்குத் தருவோர் பெறும் 250 விழுக்காட்டு வரிக்கழிவும் இதற்குக் கிடையாது. அதனால் பெரிய முதலாளிகளிடம் போய் நிற்பதிலும் பயனில்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவில் நடந்து நன்கொடை சேர்க்கலாம் என்றார் ஒருவர். உடம்புக்கு நல்லது, விதி அதேதான்.

மூன்றாவது என் கட்சி. குடும்பம், நண்பர்கள் என்று தெரிந்த நாற்பது பேர், ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி, வங்கியே தானாக அனுப்பிவிடும்படி. தனிப்பட்ட வட்டத்துக்குள் திரட்டுவதற்கு அந்த 80 விழுக்காட்டு விதி தளர்த்தப்படுகிறது. ஆணையரிடம் முறையாக விண்ணப்பித்துவிட்டுத்தான் தொடங்கப் போகிறோம். மாதம் 400 வெள்ளி என்றால் அங்கே 1,200 ரிங்கிட்டுக்கு மேல்.

மற்ற இரண்டையும்விட இது எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. படகு ஒரு நாள் செலவு; எண்ணெய் தினச் செலவு. சுக்காவ் படித்துறையில் நாங்கள் ஏறிய படகுக்காரர், எஞ்சினை இழுத்துக் கிளப்புவதற்கு முன் மூடியைத் திறந்து கலனில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். திரும்பும்போதும் பார்த்தார். படகை வாங்கிக் கொடுத்துவிட்டு எண்ணெய்க்குக் காசு அனுப்பாவிட்டால், அது அழகாகப் படித்துறையில் கட்டிக் கிடக்கும்.

குறை இல்லாமல் இல்லை. சேர நாளாகும். கூட்டு (சீட்டு) கட்டுவதைப் போல முதல் இரண்டு மாதம் உற்சாகமாகக் கட்டிவிட்டு அப்புறம் நழுவுகிறவர்கள் இருப்பார்கள். அதனால் முடிந்தவர்களிடம் முதல் ஆண்டுக்கான 120 வெள்ளியை மொத்தமாகக் கேட்கப் போகிறோம்.

அண்ணி மட்டும் இன்னும் பிரியாணியை விடவில்லை. பெயர் கொடுக்க வருகிறவர்களுக்கு இலவசமாகப் போடலாம் என்கிறார். சரி, மட்டன் யார் காசில் என்று கேட்டேன். தம்பியைக் கை காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.