தொப்பையை அளக்க எது சரி: எடை மெஷினா, இஞ்ச் டேப்பா, நூலா?

தொப்பை இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் கொங்குப் பக்கத்து ஆண்கள் பேன்ட் சைஸைத்தான் சொல்வார்கள். "காலேஜ் காலத்துல இருந்து அதே 34 தானுங்க." அந்த 34 தொப்பைக்குக் கீழே பேன்ட் நிற்கும் இடத்தின் அளவு. வேட்டி கட்டும் பெரியவர்களின் அரணாக்கயிறும் அப்படித்தான். வயிறு முன்னே வர வர அது கீழே இறங்கிக்கொள்ளும். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு இஞ்ச் டேப்பை எடுப்போம். திருப்பூர், ஈரோடு பக்கம் அதற்கா பஞ்சம்?

முதலில் எல்லோரும் சொல்லும் பி.எம்.ஐ. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுப்பது. 170 செ.மீ. உயரம், 70 கிலோ என்றால் 24.2. உலகப் பொதுக் கணக்கில் 25க்குள் இருப்பதால் பாஸ். இந்தியர்களுக்கான கணக்கில் 23ஐத் தாண்டியதால் கூடுதல் எடை. ஆனால் அந்த எடை தறி ஓட்டும் தோளில் இருக்கிறதா, கடையில் உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் இருக்கிறதா என்று இது சொல்லாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே உதாரணம் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. தொப்பை விஷயத்தில் எடை மெஷினை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு எல்லை ஆண் 90, பெண் 80 செ.மீ. எளிது, நல்லதும்கூட. குறை ஒன்றுதான்: உயரத்தைப் பார்ப்பதில்லை. 160 செ.மீ. ஆளுக்கும் 180 செ.மீ. ஆளுக்கும் அதே 90 என்றால் குட்டையானவருக்குச் சலுகை அதிகம்.

இடுப்பைப் பின்பக்கச் சுற்றளவால் வகுக்கும் முறையில் ஆணுக்கு 0.90, பெண்ணுக்கு 0.85 எல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. இடுப்பு 94, பின்பக்கம் 100 என்று இருந்தவர் உழைத்து இடுப்பு 88, பின்பக்கம் 94 ஆக இளைத்தாலும் விகிதம் 0.94லேயேதான் நிற்கும். இளைத்தவருக்கு அது என்ன ஊக்கம் தரும்?

படுக்கவைத்து வயிற்றின் உயரத்தை அளக்கும் முறை சுவாரசியமானது. மல்லாந்து படுத்தால் தோலடிக் கொழுப்பு பக்கவாட்டில் சரியும். குடலைச் சுற்றிய கொழுப்பு வயிற்றை மேலே தூக்கிப் பிடிக்கும். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த உள்கொழுப்புக்குத்தான். ஆனால் தனி அளவுகோலும் இன்னொரு ஆளும் வேண்டும். வீட்டுக்கு ஒத்துவராது.

2018இல் வந்த ஒரு சூத்திரம் ஆணுக்கு 64, பெண்ணுக்கு 76 என்று வைத்து, அதிலிருந்து உயரத்தை இடுப்பால் வகுத்து 20ஆல் பெருக்கியதைக் கழிக்கும். வருவது மொத்த உடல் கொழுப்பின் சதவீதம், தொப்பைக் கணக்கல்ல. தவிர, அடியில் இருப்பது அதே உயரமும் இடுப்பும்தான்.

அப்படியென்றால் நேராகவே இடுப்பை உயரத்தால் வகுத்துவிடலாமே! என் ஓட்டு இதற்குத்தான். ஆண் பெண் இருவருக்கும் ஒரே எல்லை, 0.5. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் (NICE) அமைப்பும் 2022இல் இதைப் பரிந்துரைத்தது, 0.6 தொட்டால் ஆபத்து அதிகம் என்கிறது. மேலே சொன்ன 170 செ.மீ. ஆளுக்கு இடுப்பு 94 என்றால் 0.55, 88க்கு இறங்கினால் 0.52. உழைப்பு கணக்கில் தெரிகிறது. 160 செ.மீ. ஆளும் 86 இடுப்போடு தப்ப முடியாது. வகுத்தல் வராத அப்புச்சிக்கு நூல் போதும்: அவர் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றுங்கள். எட்டவில்லை என்றால் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

உள்கொழுப்பையும் தோலடிக் கொழுப்பையும் பிரித்துக் காட்ட ஸ்கேன்தான் வேண்டும், நூலால் ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இந்த டேப் கணக்கு எதுவும் பொருந்தாது.