விதையிலிருந்து படரும் தைம்: ஸ்காபரோ முன்வளவில் கண்டது

புல்லுக்குப் பதிலாக நிலத்தை மூடி வளரும் மணச்செடியான படரும் தைமை (creeping thyme) விதை போட்டு வளர்க்கலாமா, கடையில் நாற்றாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையிலிருந்து வளர்க்கலாம், நன்றாகவே வரும். ஆனால் பொட்டலத்தைப் பிரித்து நிலத்தில் தூவிவிட்டால் அடுத்த கோடையில் ஊதாக் கம்பளம் விரியும் என்று விளம்பரங்கள் காட்டுவதை நம்பாதீர்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டு முன்வளவில், டிரைவ்வேயை ஒட்டிய சரிவில் இருந்த புல்லை எடுத்துவிட்டு இதை வளர்க்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மண் தெரியாமல் மூடியது மூன்றாவது கோடையில்தான்.

செடியின் தாவரப் பெயர் தைமஸ் செர்பில்லம். ஐரோப்பாவில் மணலும் கல்லும் நிறைந்த வறண்ட நிலங்களில் தானாகவே வளர்வது. 5 முதல் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயராது, தண்டு நிலத்தோடு ஓடி, போகிற வழியில் வேர் விடும். ரொறன்ரோவின் குளிரை அது பொருட்படுத்துவதில்லை. இலையைக் கசக்கினால் நமக்குத் தெரிந்த ஒரு மணம் வரும். அம்மா முதல் தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஓம மணமெல்லோ, பிள்ளை?" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஓமத்துக்கு அந்த மணத்தைத் தருகிற தைமோல் என்ற பொருள் தைமிலும் இருக்கிறது.

விதை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், தாவரப் பெயரைப் பாருங்கள். 'சிவப்புப் படரும் தைம்' என்று இணையத்தில் விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு வெள்ளம் போல ஒரு படம் இருக்கும். பல நேரம் அது தைமே இல்லை, வசந்தத்தில் பூக்கும் பாசி ஃப்ளொக்ஸ் என்ற வேறொரு செடி. உண்மையான சிவப்புத் தைம் 'கொக்சினியஸ்' என்ற தேர்ந்தெடுத்த இரகம். அதைத் தண்டு வெட்டியோ பிரித்து நட்டோதான் பெருக்குவார்கள். விதையில் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. என் விதைச் செடிகளிலேயே சில வெளிர் இளஞ்சிவப்பு, சில கடும் ஊதா, இலையும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறு. எனக்கு இந்தக் கலப்பு பிடித்திருக்கிறது. ஒரே நிறம்தான் வேண்டும் என்பவர்கள் விதைப் பக்கம் போகாமல் நாற்று வாங்குவதே நல்லது.

விதை தூசி போல இருக்கும். அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான நாற்றுக் கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் போதும். 15 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பம் இருந்தால் இரண்டிலிருந்து நான்கு கிழமைக்குள் முளைக்கும். மார்ச் நடுப்பகுதியில் நிலக்கீழ் அறையில் தட்டு வைத்து, மேலே எல்இடி விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டுத் தொடங்குகிறேன். தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டின் அடியில் தண்ணீர் விட்டு மண் உறிஞ்சிக்கொள்ள விடுவதுதான் சரியான வழி. முளைத்த பிறகு வரும் பெரிய ஆபத்து நாற்றழுகல். தண்டு அடியில் கருகி, நேற்று நின்ற நாற்று இன்று படுத்துவிடும். முளை தெரிந்த உடனே மூடியைக் கழற்றிவிடுங்கள், சின்ன விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள், மேல்மண் சற்றுக் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர். இந்த மூன்றையும் செய்தால் பெரும்பாலும் தப்பிக்கும். நாற்று வளரும் வேகம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மாதம் கழித்தும் நகத்தளவுதான் இருக்கும். அது நோய் இல்லை, இயல்பே அப்படித்தான்.

நேரடியாக நிலத்தில் தூவினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு மூலையை ஒதுக்கியிருந்தேன். அங்கே தைம் முளைத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே நண்டுப்புல்லும் டான்டிலயனும் முளைத்து நிழல் போட்டுவிட்டன. மே மாத மழை ஒன்று விதையில் பாதியைச் சரிவின் கீழே கொண்டுபோய்விட்டது. தட்டில் வளர்த்து நடுவது கூடுதல் வேலைதான். ஆனாலும் அதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

விதையைவிட முக்கியமானது நிலம். இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தப் பக்க முன்வளவுகளில் பொதுவாக இருப்பது கென்டக்கி நீலப்புல். அது மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும் புல். மேலே செதுக்கிவிட்டு நட்டால் இரண்டு மாதத்தில் தைமின் நடுவிலிருந்தே எழும்பிவிடும். பிறகு அதைப் பிடுங்கினால் தைமும் சேர்ந்து வரும். ஆகவே நடுவதற்கு முந்திய கோடையிலேயே புல்லின் மேல் கார்ட்போர்ட் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மண்ணும் மரத்தூளும் போட்டு மூடிவிட்டேன். அடுத்த வசந்தத்தில் அடியில் புல் செத்திருந்தது. ஓரங்களில் தப்பியதை மட்டும் தோண்டி எடுத்தேன்.

எங்கள் மண் களிமண். தைமுக்குக் குளிரைவிட எதிரி ஈரம். பனி உருகும் காலத்தில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். சரிவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். சமநிலமாக இருந்தால் பாத்தியைச் சற்று உயர்த்தி, மேல்மண்ணில் பொடிக்கல் கலந்துவிடுங்கள். தென் ஒன்ராறியோ மண்ணில் பொதுவாகச் சுண்ணாம்பு உண்டு, அது தைமுக்கு ஒத்துப்போகும். உரம் போட வேண்டாம். கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு தளர்ந்துபோகும், மணமும் குறையும். வெயில் மட்டும் குறையக் கூடாது, நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும்.

மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு நடுவதுதான் இந்த ஊர் வழக்கம், அதற்குள் உறைபனி பயம் போயிருக்கும். 25 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 16 நாற்று. 10 சதுர மீட்டருக்கு 160. விதையின் லாபம் இங்கேதான் தெரியும். ஒரு பொட்டலம் சில டொலர், 160 தொட்டிச் செடிகளின் விலையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் களை. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காக மட்டும் தெளிக்கும் களைக்கொல்லிகளுக்குத் தடை. பிள்ளைகள் தவழும், பறவைகள் மேயும் இடங்களுக்கு அது நல்ல சட்டம், மனதார ஆதரிக்கிறேன். கடையில் அனுமதியோடு கிடைக்கும் இரும்புக் கலவைகள் அகல இலைக் களைகளைத்தான் தாக்கும். தைமும் அகல இலைச் செடிதான், அதனால் அவையும் உதவாது. ஆகவே கைதான் கருவி. முதல் இரண்டு கோடையிலும் கிழமைக்கு ஒரு மாலை குந்தி இருந்து பிடுங்கத் தயாராக இருங்கள். மழை பெய்த மறுநாள் சுலபமாக வரும். அக்கம்பக்கத்து மேப்பிள் மரத்து விதைகள் வேறு ஒவ்வொரு வசந்தமும் வந்து முளைக்கும். தைம் நெருங்கி மூடிய பிறகு இந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. புல்வெட்டி இந்தப் பக்கம் வருவதே இல்லை. ரொறன்ரோவில் புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி. தைம் அந்த உயரத்தை எட்டவே எட்டாது.

குளிர்காலத்தில் இலை செம்பழுப்பாக மாறி, செத்தது போலத் தோன்றும். ஏப்ரல் முடிவதற்குள் தோண்டிப் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் துளிர்க்கும். மார்ச்சில் மண் உறைந்து உருகி, மீண்டும் உறைந்து, இளஞ்செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடும். அப்போது காலால் மெல்ல மிதித்து அமுக்கிவிட வேண்டும். எனக்கு நிஜமாக இழப்பு வந்தது உப்பால். டிரைவ்வேயில் போடும் உப்பு பனியோடு சேர்ந்து தைமின் மேல் குவிந்து, ஓரத்தில் ஒரு நீளக் கோடாகச் செடிகளைக் கொன்றது. இப்போது உப்புக்குப் பதில் மணல் போடுகிறோம், அள்ளும் பனியை மறுபக்கம் வீசுகிறோம்.

பூ ஜூனில் தொடங்கி ஜூலை வரை நிற்கும். முதல் வருடம் அங்கொன்று இங்கொன்றுதான். இரண்டாம் வருடத்திலிருந்து பூ கூடி, செடி மூடியதும் சரிவு முழுக்க ஊதாவாகிவிடும், மதிய வெயிலில் தேனீக்களும் கொழுத்த பம்பிள் தேனீக்களும் இடைவிடாமல் மொய்க்கும். முன்பு அதே இடத்தில் வெறும் புல் இருந்தபோது ஒரு தேனீயைக்கூடக் கண்டதில்லை. இதற்காகவே மறுபடியும் இத்தனை பாடும் படுவேன். ஆனால் அந்த நாட்களில் வெறுங்காலோடு யாரையும் நடக்க விடாதீர்கள். எப்போதாவது குறுக்கே நடப்பதைத் தைம் தாங்கும். பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்கு இது சரிவராது.

பூத்து முடிந்ததும் கத்தரியால் மேலோட்டமாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலைந்து வருடத்தில் செடியின் நடு மரக்கட்டையாகி வழுக்கை விழும். வழுக்கை விழுந்த இடத்துக்குப் புது விதை தேவையில்லை. ஓரத்தில் வேர்விட்ட தண்டைக் கையகலம் பெயர்த்து, செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே பதித்தால் பனிக்கு முன் பிடித்துக்கொள்ளும்.

வீட்டின் வடக்குப் பக்கம் நிழல். அங்கே தைம் போட்டுப் பணத்தையும் காலத்தையும் விரயமாக்க வேண்டாம் என்று ஒன்ராறியோவில் இயற்கையாகவே வளரும் காட்டு ஸ்ட்ரோபெரியை வைத்திருக்கிறேன். அரை நிழலிலும் கொடி ஓட்டிப் பரவுகிறது, வசந்தத்தில் வெள்ளைப் பூ, ஜூனில் சின்னச் சின்னப் பழம்.