ஏபிஐ நைட்ரேட் கிட்: செடி மஞ்சளானால் வாங்கலாமா?

மீன் தொட்டியில் வளரும் செடி மஞ்சளாகிறது என்று கடையில் சொன்னால் போதும், இரும்புச்சத்து உரம் ஒரு போத்தல் கைக்கு வந்துவிடும். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு வளர்ப்பு மீன் கடையில் எனக்கும் அதுதான் நடந்தது. மேல் இலையா கீழ் இலையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்காமல் என்ன வைத்தியம்? உரத்தை வாங்காமல் வந்து, ஷாப்பி இணையக் கடையில் ஏபிஐ நிறுவனத்தின் நைட்ரேட் டெஸ்ட் கிட்டை எடுத்தேன். செடிக்கு நைட்ரஜன் தரும் நைட்ரேட் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் பெட்டி அது.

என் ஹைக்ரோஃபிலா என்ற தண்ணீர்ச் செடியில் கீழ் இலைகள்தான் வெளுத்தன. நுனியில் தொடங்கி முழுக்க மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிரும். உச்சித் துளிர் மட்டும் பச்சையாகவே இருந்தது. நைட்ரஜன் பற்றாவிட்டால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் அடியில்தான் முதலில் தெரியும். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் துளிர்தான் வெளிறும், நரம்பு பச்சையாக நிற்கும். ஆக என் சந்தேகம் நைட்ரஜன் மேல்.

கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், முதல் போத்தலில் 10 சொட்டு, மூடிக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். அப்புறம் இரண்டாவது போத்தல், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதில் மருந்து அடியில் படிந்துவிடும், 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும், சும்மா ஆட்டினால் போதாது; நான் மேசையில் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குலுக்குவேன். அதிலும் 10 சொட்டு விட்டு, குழாயை 1 நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்து நிறத்தைப் பார்க்கலாம். குலுக்கல் குறைந்தால் நைட்ரேட் இருந்தும் குறைவாகக் காட்டும், அதை நம்பி உரத்தை ஊற்றினால் வேறு தலைவலி.

எனக்கு நன்றாகக் குலுக்கியும் எலுமிச்சை மஞ்சள்தான், அதாவது பூஜ்ஜியம். மீன் கொஞ்சம், செடி நிறைய, விளக்கும் பலம், கிடைப்பதையெல்லாம் செடியே தின்றுவிடுகிறது. இப்போது நைட்ரேட் உள்ள உரம் போட்டு 10 முதல் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை வைத்திருக்கிறேன், புதிதாக வந்த இலைகள் கீழே போன பிறகும் பச்சையாக நிற்கின்றன. முழுக்க மஞ்சளானவற்றைக் கத்தரித்துவிட்டேன், அவை தேறும் என்று காத்திருப்பது வீண்.

நிற அட்டையில் 40க்கும் 80க்கும் இரண்டும் சிவப்பு, பிரித்துப் பார்க்க நல்ல கண் வேண்டும். செடித் தொட்டி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்பதால் எனக்குக் கவலையில்லை. பகல் வெளிச்சத்தில் பாருங்கள், தொட்டி விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்.

பொட்டாசியம் இந்தக் கிட்டில் தெரியாது. நைட்ரேட் 20 இருந்தும் பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை, சுற்றிலும் மஞ்சள் என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். துளிர் வெளிறியவர்கள் இதை வாங்கிப் பயனில்லை, அவர்களுக்கு அந்த இரும்பு உரமே சரி. ஜாவா ஃபெர்ன் என்ற தொட்டிச் செடியின் இலைக்கு அடியில் வரிசையாகக் கரும்புள்ளி இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம், அது நோயில்லை, செடி பெருகுவதற்கான வித்துப்பை!

ஒரு பெட்டியில் 90 தடவை பார்க்கலாம், வாரம் ஒருமுறை என்றாலும் ஒன்றரை வருஷம் தாண்டும். முதல் போத்தலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அதனால் விரலால் மூடிக் குலுக்காதீர்கள், குழாயோடு மூடி தருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.