எல்இடியைக் கழற்றி ஹாலஜனுக்கு மாறிய என் கார்: கடலூர்–புதுச்சேரி இரவுச் சாலை அனுபவம்

ஹாலஜன் (இழை சூடாகி எரியும் பல்பு) டூம், அதாவது ஹெட்லைட் கூடு, உள்ள காரில் எல்இடி பல்பு மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். அந்தக் காசில் ரிலே வயரிங் (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் தரும் வயரிங்) போட்டு, நல்ல ஹாலஜன் பல்பு வாங்கி, லைட் செட்டிங் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே காரை ஒரே சாலையில் இரண்டு விதமாகவும், மழைக்காலம் உட்பட ஓட்டிப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன்.

கார் 2017 மாடல் ஹாட்ச்பேக். 2023இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே 6,500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை நிற) எல்இடி பல்புகள் போட்டிருந்தார். எனக்கு வேலை புதுச்சேரியில், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி என்று வரும் அந்த வழியில் கடைத்தெரு தாண்டினால் இருட்டு. ரிஃப்ளெக்டர் இல்லாத சைக்கிள், ஓரமாக நிறுத்திய டிராக்டர், திடீரென்று குறுக்கே வரும் மாடு எல்லாம் உண்டு.

எல்இடி போட்டிருந்தபோது காருக்கு முன்னால் சில அடி தூரம் பளீரென்று இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் நல்ல லைட் என்றார்கள். ஆனால் ஓட்டும்போது தூரத்தில் ஒன்றும் தெரியாது. கிட்டத்தில் வெளிச்சம் அதிகமானால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும், அப்புறம் தூரம் இன்னும் இருட்டாகத்தான் தெரியும். எதிரே வருகிறவர்களோ நான் டிம்மில் வந்தாலும் பிரைட் அடிப்பதாக நினைத்து லைட்டை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள்.

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பல்பைக் கழற்றிக் கையில் கொடுத்து, "தம்பி, வெளிச்சம் குறைச்சல் இல்ல, அது போக வேண்டிய இடத்துக்குப் போகல" என்றார். டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் வரும் எச்4 ஹாலஜனில் டிம்முக்கான இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் டூமுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, சாலையை நோக்கி இறங்கும். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் மெல்லிய அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடியிலோ ஒரு தகட்டின் இரு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். தகட்டின் தடிமன், சிப்பின் அகலம் எல்லாம் சேர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் இடம் மாறினாலே போதும், வெளிச்சம் மேலேயும் பக்கவாட்டிலும் சிதறிவிடும். ஜெர்மனியில் 2020இல்தான் ஓஸ்ராமின் எல்இடி மாற்று பல்புக்குச் சாலை அனுமதியே கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். ஒரே பல்பு எல்லா டூமுக்கும் பொருந்தும் என்று நம் ஊரில் விற்கிறார்களே, அதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மழையில்தான் பெரிய வித்தியாசம். மஞ்சள் வெளிச்சம் மழையைத் துளைக்கும், வெள்ளை துளைக்காது என்பார்கள். மழைத்துளி அளவுக்குப் பெரிதான நீர், எந்த நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். உண்மையான தொந்தரவு மேலே சிதறும் வெளிச்சம். அது கண்ணுக்கு நேராக இருக்கும் துளிகளில் பட்டு வெள்ளைத் திரை கட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்கு முந்தைய மழை நாட்களில் இந்தத் திரையோடு ஊர்ந்துதான் வந்தேன்.

அந்தப் புயல் மழைக்குப் பிறகு டூமுக்குள் ஈரம் கோத்தது. எல்இடியின் ஃபேன் உள்ளே அடங்குவதற்காகப் பின்பக்க ரப்பர் கவரை வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டு வழியாகத்தான் ஈரம் போயிருந்தது. ஹாலஜன் சூடு முன்பக்கமாகவே வருவதால் கண்ணாடியில் படியும் ஈரம் சீக்கிரம் காயும். எல்இடியின் சூடு பின்பக்கம் போய்விடும். கடல் காற்றில் உப்பு வேறு. ஒரு பக்கத்து ஃபேன் இறுகி நின்றது, அந்தப் பக்கம் வெளிச்சம் மங்கியது.

2025 தொடக்கத்தில் மாற்றினேன். இரண்டு ரிலே, ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர், பேட்டரியிலிருந்து நேர் வயர், புது ரப்பர் கவர், 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) ஓஸ்ராம் நைட் பிரேக்கர் பல்பு. ரிலே எதற்கு என்றால், டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும்போது வழியிலேயே வோல்டேஜ் விழுகிறது. ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். கம்பெனி லைட் டல்லாக இருக்கிறது என்று எல்லோரும் புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. 100/90 வாட் பல்பு பக்கம் போகாதீர்கள். டூம் உருகும், கண் கூசும், சட்டப்படியும் தவறு. தயாரிப்பு விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வாரண்டியில் இருக்கும் காருக்கு ரிலே போடுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த பருவமழையும் கடந்துவிட்டது. இப்போது டிம்மிலேயே இடது ஓரத்து வெள்ளைக் கோடும் சைக்கிள்காரரும் நன்றாகத் தெரிகிறார்கள். எதிரே வருகிறவர் லைட்டை வெட்டுவதில்லை. குறை என்று சொன்னால், இந்த வகை பல்பில் இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுள் சாதா பல்பைவிடக் குறைவு.

எல்இடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மனைவியின் ஸ்கூட்டரில் கம்பெனியிலிருந்தே எல்இடி ஹெட்லைட்தான். லென்ஸும் ரிஃப்ளெக்டரும் அதற்கென்றே செய்தவை. கோடு போட்டது போல வெளிச்சம் விழும், யார் கண்ணையும் உறுத்தாது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால், அதில் கண்ட பல்பையும் மாட்டினால் பகலிலும் எதிரே வருகிறவருக்குத் தொல்லை. காருக்குள் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு இவற்றுக்குத் தாராளமாக எல்இடி போடலாம். நானே போட்டிருக்கிறேன். ஈசிஆரில் நீலமும் ஊதாவுமாக மின்னவிட்டுப் போகும் தம்பிகளிடமும், டிம்மோடு சேர்த்து லைட் பார் எரியவிடும் ஜீப்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். குடிகாடு சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து டூவீலரில் வருகிறவருக்கு அந்த ஒரு நொடி சாலையே தெரியாது. தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

எந்தப் பல்பு போட்டாலும் செட்டிங் பாருங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட் மையத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும், அது சரிதான். பின்சீட்டில் ஆள் ஏறி, டிக்கியும் நிறைந்தால் முன்பக்கம் தூக்கும். அப்போது ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்றிருக்கும், வெளிச்சத்தைக் கீழே இறக்கும் திருகை ஓரிரு எண் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.