பத்து மாத ஒப்பந்தமா, மூன்று வருட டிகிரியா: ஒரு லெஃப்ட் விங்கருக்காக ஒரு அலசல்

என் அக்கா மகன் உவரிக்காரன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான், மார்ச்சில் 18 வயது ஆனது, கால்பந்தில் லெஃப்ட் விங்கில், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில் ஆடுகிறான். கடற்கரை மணலில் வெறுங்காலில் ஆரம்பித்து, கோவில் திருவிழாவில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ், பள்ளி டீம், டிஸ்ட்ரிக்ட் டீம் என்று வந்தவன். இப்போது அவன் கையில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.ஏ. சீட். இன்னொன்று, பெங்களூருவில் ஒரு கிளப்பின் ரிசர்வ் டீமில், அதாவது முதல் அணிக்கு அடுத்த இளம் அணியில் ஆட 10 மாத ஒப்பந்தம்; மாதம் 18,000 ரூபாய், தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அக்காவுக்குக் கல்லூரி, கடலுக்குப் போகிற அத்தானுக்கு அந்த 18,000, பையனுக்குக் கிளப். பத்து நாளாக வீட்டில் இதே பேச்சுதான். நம்ம பக்கம் இதே யோசனையில் இன்னும் நாலு வீடாவது இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதை மறைத்து வைத்துக்கொண்டு அலசுவது நியாயம் இல்லை. 2002இல் பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது வெளிமாநிலக் கிளப் ஒன்று கூப்பிட்டது என்று படிப்பை விட்டுவிட்டுப் போனவன் நான். ஒரு சீசன் ஆடினேன், நன்றாகவே ஆடினேன். கடைசி மூன்று மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. அடுத்த வருடம் கூப்பிடவும் இல்லை. ஊருக்கு வந்து, மீன் லோடு ஏற்றி இறக்கி, தபால் வழியில் டிகிரியை முடிக்கும்போது 27 வயது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 25. அந்தக் கதவு மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது பாளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் பையன்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன்.

சரி, முதலில் கிளப் பக்கம் உள்ள நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிசு. பெரும்பாலான கல்லூரிகளில் பயிற்சி என்பது சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அதுவும் செமஸ்டர் வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். கிளப்பில் வாரம் ஐந்தாறு நாள், புல் தரையில், அவனைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு. பிசியோ உண்டு, ஜிம் உண்டு, ஆடிய மேட்சை வீடியோவில் போட்டு நீ ஏன் அந்த இடத்தில் நின்றாய் என்று கேட்க ஆள் உண்டு. ரிசர்வ் டீம்களுக்கென்று ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் டெவலப்மென்ட் லீக் 2022 முதல் இருக்கிறது, பெங்களூருவில் சூப்பர் டிவிஷன் லீக்கும் உண்டு. 18லிருந்து 21 வரை ஒரு ஆட்டக்காரனுக்கு முக்கியமான காலம். பின்னால் இந்திய அணிக்குக் கேப்டன்களாக இருந்த இரண்டு பேரைப் பாருங்கள்: பாய்சுங் பூட்டியா 1993இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது 16 வயது, சுனில் சேத்ரி 2002இல் மோகன் பகானில் சேர்ந்தபோது 17 வயது. மூன்று வருடம் கழித்து வருகிறேன் என்று அவர்கள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பையன் என்னிடம் கேட்டதும் இதைத்தான். "மாமா, டிகிரிய நாப்பது வயசுலயும் எழுதலாம். எனக்குப் பதினெட்டு வயசு திரும்பி வருமா?" எனக்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது.

இதற்கு எதிராகக் கல்லூரி என்ன வைத்திருக்கிறது? ஆட்டம் என்று பார்த்தால் குறைவுதான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நாக்-அவுட்டாக ஓடும், முதல் நாளே தோற்றால் அன்றைக்கே பஸ் ஏறவேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயத்தை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளும் தூத்துக்குடி கல்லூரிகளும் இதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. அதாவது தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பையன்களோடு மோதித்தான் பல்கலைக்கழக டீமில் இடம் பிடிக்கவேண்டும், அது லேசான காரியம் இல்லை. அப்படி இடம் கிடைத்தால் தென்மண்டலப் போட்டி, அதிலும் ஜெயித்து மேலே போனால் அகில இந்தியப் போட்டி. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உருப்படியான மேட்ச் ஒரு பதினைந்து வரும், அது என் அனுபவக் கணக்கு. மீதி நாளெல்லாம் செவன்ஸ். செவன்ஸில் டச், அதாவது பந்தைக் காலில் அடக்கும் பழக்கம், நன்றாக வரும். ஆனால் பதினோரு பேர் ஆட்டத்தில் ஒரு விங்கர் எப்போது கோட்டை ஒட்டி நிற்கவேண்டும், எப்போது உள்ளே வெட்டவேண்டும் என்பதை அது கற்றுத்தராது, கட்டாந்தரையில் முட்டியும் போகும்.

ஆட்டத்தில் கிளப் ஜெயிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை, அவனை ஆட இறக்கவேண்டும். ரிசர்வ் டீமில் இருபத்தைந்து முப்பது பையன்கள் இருப்பார்கள், இறங்குவது பதினோரு பேர். எத்தனை லெஃப்ட் விங்கர் இருக்கிறார்கள் என்று கேட்டாயா என்றேன், கேட்கவில்லை என்றான். பெஞ்சில் உட்கார்ந்து 10 மாதம் போனால், பாளையில் ஆடும் அந்தப் பதினைந்து மேட்ச் அதைவிட மேல்.

பணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 18,000 வீதம் 10 மாதத்துக்கு 1,80,000 ரூபாய். மீதி இரண்டு மாதம் சம்பளம் கிடையாது. கல்லூரியில் வருமானம் எதுவும் இல்லை, ஆனால் எய்டட் கோர்ஸ் என்பதால் ஃபீஸும் பெரிதில்லை. அத்தான் கணக்கில் இது பெரிய வித்தியாசம், எனக்கும் அது புரிகிறது. கடலில் இறங்கி மூன்று நாள் வெறும் வலையோடு வருகிற மனுஷனிடம் போய் இந்தப் பணம் முக்கியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணம் வருமா என்பது வேறு கேள்வி. 2018-19இல் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி கிளப், சில வருடத்திலேயே அந்த லீக்கில் இல்லாமல் போனது. 2021-22இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியன் ஆன ஹைதராபாத் எஃப்சியில், இரண்டே சீசனில் சம்பளம் வராமல் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைத்தார்கள், செப்டம்பரில் தொடங்கவேண்டிய லீக் அந்த வருடம் முடியும்வரை தொடங்கவில்லை. சாம்பியன் டீமுக்கே இந்த நிலை என்றால் ரிசர்வ் பையன் சம்பளம் எந்த வரிசையில் நிற்கும்?

இனி நான் அதிகம் பேசவேண்டிய இடம் சர்டிபிகேட். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் யாரைச் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியிருக்கவேண்டும், அல்லது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருக்கவேண்டும், அல்லது தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணிக்கு ஆடியிருக்கவேண்டும். கிளப்புக்கு ஆடியவர் என்று அதில் ஒரு வரி கிடையாது. ஐந்து வருடம் கிளப்பில் ஓடினாலும், நடுவில் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்குத் தமிழ்நாட்டு டீமில் எடுக்கப்படவில்லை என்றால், வேலைக்குப் போய் நீட்ட ஒரு காகிதம் இருக்காது. பல்கலைக்கழக டீமில் தென்மண்டலப் போட்டி ஆடின பையனுக்கு அந்தக் காகிதம் இருக்கும். ரயில்வேயில் லெவல் 2, 3 சம்பள நிலை வேலைக்குப் படிப்பு என்று பார்த்தால் பிளஸ் டூ போதும், லெவல் 4, 5க்கு டிகிரி வேண்டும். எனக்கு இதையெல்லாம் அப்போது சொல்ல ஆள் இல்லை. பந்து இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

காயம் இன்னொன்று. நம்ம பக்கத்துக் கடற்கரையிலிருந்து போய்ப் பேர் வாங்கிய மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐஎஸ்எல் சீசனின் முதல் மேட்சிலேயே காயம்பட்டு வெளியே போனார், அந்த சீசனே அவருக்கு இல்லாமல் போயிற்று. அவர் அதற்குள் தன்னை நிரூபித்த ஆட்டக்காரர், பெரிய கிளப்பில் இருந்தவர். 10 மாத ஒப்பந்தத்தில் இருக்கும் 18 வயதுப் பையனுக்கு நாலாவது மாதம் முட்டி லிகமென்ட் போனால், ஆபரேஷன் யார் செலவு? அதற்கப்புறம் எட்டு ஒன்பது மாதம் ஆகுமே, அதற்குள் ஒப்பந்தம் முடிந்திருக்குமே? காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். மருத்துவ உதவி கிளப் வழங்கும் என்று ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் எப்படி என்று பையன் கேட்டான். எனக்கு ஞாபகம் வந்தது லாண்டன் டோனவன், 2002 உலகக் கோப்பையில் அமெரிக்கா காலிறுதி வரை போனபோது டிவியில் பார்த்து நாங்கள் கைதட்டிய ஆள். அவர் 1999இல் கல்லூரிக்குப் போகாமல் நேராக ஜெர்மனியில் பேயர் லெவர்குசன் கிளப்புக்குப் போனார், அங்கே முதல் அணியில் இடம் கிடைக்காமல் 2001இல் ஊர் திரும்பி ஆடி மேலே வந்தார். அவருடைய சக ஆட்டக்காரர் கிளின்ட் டெம்ப்சி மூன்று வருடம் ஃபர்மன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 2004இல்தான் புரொஃபஷனல் ஆனார். கடைசியில் இருவரும் நாட்டுக்காக அடித்தது ஆளுக்கு 57 கோல். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கல்லூரியை முடிக்காமல் சீக்கிரம் லீக்குக்கு வருகிற பையன்களுக்கு, பின்னால் படிப்பைத் தொடரப் பணம் ஒதுக்கும் ஒரு திட்டத்தை அங்கே அமெரிக்க லீக்கே வைத்திருந்தது. நம்ம ஊரில் அந்தப் பணத்தை அக்காவும் அத்தானும்தான் போடவேண்டும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே சென்னை லீக்கில் ஒரு டீமுக்குப் பதிவு செய்துகொள்வது. இந்தியன் வங்கி, வருமான வரித்துறை மாதிரி ஆபீஸ் டீம்கள் ஆடிய லீக் அது. வேலை பார்க்கும் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதலாம், டிகிரியும் ஓடும், பல்கலைக்கழக டீமும் கிடைக்கும். இன்னும் இரண்டு கல்லூரியில் ட்ரையல்ஸ் பாக்கி இருக்கிறது. என்னைக் கேட்டால் பாளை சீட்டை ஒப்புக்கொண்டு கையில் வைத்துக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து அந்த இரண்டு ட்ரையல்ஸையும் பார்த்துவிட வேண்டும்.

பெங்களூரு காகிதம் இப்போது இருக்கிறபடி இருந்தால் வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் கிளப் என்பதால் இல்லை. 10 மாதம், நீட்டிப்பது முழுக்க அவர்கள் இஷ்டம், காயத்துக்கு ஒரு வரி, இதில் பையனுக்கென்று எதுவும் இல்லை. 19 வயதில் திரும்பவும் ட்ரையல்ஸ் போகலாம், ரிசர்வ் வயது அதற்குள் தாண்டிவிடாது. இதே கிளப் இரண்டு வருடம் என்று எழுதி, ஆபரேஷன் செலவும் அந்தக் காலத்துச் சம்பளமும் எங்கள் பொறுப்பு என்று எழுதி, இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பதிவில் முறையாக ஏற்றினால் நான் மறுபேச்சு பேசமாட்டேன். அப்போது தபால் வழியில் படிக்கக்கூடிய இக்னோ பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வுக்குப் பேரைக் கொடுத்துவிட்டுப் போகட்டும், மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அப்புறமும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வர ஃபிஃபா விதியில் இடம் இருக்கிறது, அதையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். 2002இல் அந்த மாதிரி கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் வைத்து இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பூட் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். "சரி மாமா, அந்த ஆபரேஷன் வரியையும் ரெண்டு வருசத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேப்போம். ஆனா போன் நான்தான் பேசுவேன்" என்றான். திங்கட்கிழமை பேசுகிறான். எழுதித் தந்தால் பெங்களூரு ரயிலுக்கு அவன் பெட்டியை நானே தூக்கி வருவேன் என்று அக்காவிடம் சொல்லியாயிற்று, அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.