ஆலப்புழை கயர் மேட்: ஜெர்மன் கால்பந்துத் திடலில் விரித்து ஆடிப் பார்த்ததில்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தென்னை நாரில் நெய்த கிரிக்கெட் மேட். நீளம் 66 அடி, அகலம் 8 அடி. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கஜமும் மூடிவிடும். ஆலப்புழையில் ஒரு சின்னப் பட்டறையில் தறியில் நெய்தது. நாலு ஓரமும் கேன்வாஸ் வைத்துத் தைத்து, ஆணி அடிக்க இரும்பு வளையம் போட்டிருக்கிறார்கள். மேட்டின் விலையைவிட அதை இங்கே கொண்டுவந்து சேர்த்த செலவு அதிகம்.

இங்கே என்றால் ஜெர்மனியின் ரூர் பகுதி. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் ஓடிய ஊர்கள். கால்பந்துதான் இங்கே எல்லாம். அந்தக் கால்பந்துத் திடல் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகராட்சி எங்களுக்குத் தருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் வரை அவர்கள் ஆட்டம், திங்கட்கிழமை மறுபடியும் அவர்கள் பயிற்சி. நடுவில் சிமென்ட் பிட்ச் போட அனுமதி கிடையாது, போடச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. ஆகவே காலையில் விரித்து, மாலையில் சுருட்டி எடுத்துப் போகிற பிட்ச்தான் எங்களுக்கு வழி. ஸ்வீடனிலும் போலந்திலும் கிளப் நடத்துகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். எது வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் மாவட்ட லீக் ஆடியவன். மேட்டிங் விக்கெட், அதாவது மேட் விரித்த பிட்ச், எனக்குப் புதிதல்ல. ஆனால் கரிசல் மண்ணில் உருட்டிக் காயவைத்த தரையின் மேல் மேட் போடுவது வேறு. ஐரோப்பாவின் மெத்தென்ற புல்தரையில் போடுவது வேறு. இந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி, அடியில் இருக்கும் தரையைப் பற்றியதுதான்.

இதற்கு முன்பு எங்களிடம் இருந்தது ஒரு செயற்கை இழை மேட். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. எடை குறைவு, இரண்டு பேர் தூக்கிவிடலாம், பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். வெயில் ஏறினால் நடுவில் அலை அலையாக எழும்பும். அந்த மடிப்பில் பட்ட பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வேகப்பந்து வீச்சாளர் காலை ஊன்றினால் மேட்டே அரை அடி நகரும். பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு குட் லெங்த்தில், அதாவது பேட்ஸ்மேனுக்குச் சற்று முன்னால், விழுந்த பந்து எழும்பி முகத்துக்கு நேராக வந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்தான். அன்றைக்கே அதை ஓரம் கட்டினோம்.

கயர் மேட் வந்ததும் முதல் வேலை அதை விரித்து, தண்ணீர் தெளித்து, இழுப்பது. புது நார் விறைப்பாக இருக்கும், சுருட்டி வந்த வளைவு சீக்கிரம் போகாது. லேசாக நனைத்தால் நார் இளகிக் கொடுக்கும். ஒரு முனையில் வளையங்களில் ஆணி அடித்துவிட்டு, மறுமுனையை நாலு பேர் பின்னால் சாய்ந்து இழுக்க, அப்படியே ஆணி இறக்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக, இடது வலது என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் மேட் கோணிக்கொள்ளும். காய்ந்ததும் நார் இறுகி, தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பிட்ச் தயார்.

ஆணி விஷயத்தில் ஒரு முக்கியமான குறிப்பு. கால்பந்து ஆடும் தரையில் ஒரே ஒரு ஆணி தங்கிவிட்டாலும் மறுநாள் ஒரு குழந்தையின் முழங்கால் கிழியும். எங்கள் திடலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஆணித் தலையிலும் ஆரஞ்சு பெயின்ட் அடித்து, எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப டப்பாவில் போடுகிறோம். கணக்கு இடித்தால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அந்தப் பெரியவர் இப்போது தானே வந்து நின்று எங்களோடு எண்ணுகிறார். மேட்டோடு வருகிற ஆறு அங்குல ஆணி இங்கே ஈர மண்ணில் பிடிக்காது. கூடாரம் அடிக்கிற நீளமான இரும்பு முளை இங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டம் எப்படி? புல்தரை மேல் போட்டால் சுமார்தான். புல்லும் மண்ணும் பந்தின் வேகத்தை உறிஞ்சிவிடும். பந்து நின்று வரும், முட்டிக்கு மேலே எழும்பாது. வெட்டிய குட்டைப் புல்லாக இருந்து, ஒரு வாரம் மழை இல்லாமல் இருந்தால் தேவலை. இதோடு முடிந்திருந்தால் மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் ரூர் பகுதியில் இன்னொரு வகைத் தரை இருக்கிறது. செங்கல் தூளும் ஆலைக் கசடும் கலந்து உருட்டிக் கெட்டித்த சிவப்புத் திடல்கள். புல் வளர்த்துக் கட்டுப்படியாகாத தொழிலாளர் பேட்டைகளில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடியது இதன் மேல்தான். இப்போது நகராட்சிகள் ஒவ்வொன்றாக இவற்றைப் பெயர்த்துச் செயற்கைப் புல் போடுகின்றன, இல்லையென்றால் வீடு கட்டுகின்றன. மிச்சம் இருக்கிற ஒன்றில் எங்கள் மேட்டை விரித்தோம். முதல் ஓவரிலேயே எல்லார் முகமும் மாறிவிட்டது. பந்து விழுந்த இடத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு, ஒரே சீராக, நம்பி ஆடும்படி எழும்பியது. பின்னங்காலில் நின்று கட் அடிக்கலாம், எழும்பி வரும் பந்தை இழுத்தடிக்கிற ‘புல்’ (pull) ஷாட் ஆடலாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் அதுவரை ஆடிய ஷாட் எல்லாம் முன்னங்கால் போட்டு இழுக்கிற ஸ்லாக் மட்டும்தான்.

சுழற்பந்துக்கும், வேகப்பந்து வீச்சாளர் விரலால் வெட்டித் திருப்புகிற கட்டருக்கும் இந்த நார் அருமையாகப் பிடிக்கும். பந்தின் தையல் நாரில் உரசித் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். 1956இல் கராச்சியில் பாகிஸ்தான் ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது மேட்டிங் விக்கெட்டில்தான். முதல் இன்னிங்சில் ஆஸ்திரேலியா 80 ரன்னுக்குச் சுருண்டது. பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் ஃபசல் மஹ்மூத் அந்த மேட்சில் 13 விக்கெட் எடுத்தார். டெஸ்ட் நாடாக நாலே வருடம் ஆகியிருந்த அணி அது. ஃபசலின் லெக் கட்டர் ஏன் அப்படித் திரும்பியது என்று இந்த மேட்டில் ஆறு பந்து போட்டால் புரியும்.

எங்கள் அணியில் 2015 வாக்கில் வந்த ஆப்கன் பையன்கள் பாதிப் பேர். டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள், காலடியில் விழும் யார்க்கர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். குட் லெங்த்தில் விடாமல் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டது இந்த மேட்டில். ஜெர்மனியில் கிரிக்கெட் இத்தனை ஊர்களுக்குப் பரவியதே பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்களால்தான். ஹாம் ஊர்க் காமாட்சி அம்பாள் கோயில் பக்கமிருந்து தன் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வருகிற ஈழத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். மேட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, நாங்கள் யாழ்ப்பாணத்தில இப்பிடியான மேட்டிங்கிலதான் விளையாடினனாங்கள். இனி என்ர பொடியளுக்கும் பந்து எழும்பி வாறது எப்பிடியெண்டு தெரியட்டும்” என்றார்.

இனிக் குறைகள். மறைக்க எதுவும் இல்லை.

நனைந்தால் தூக்க முடியாத எடை. காய்ந்த மேட்டை ஆறு பேர் சுமப்போம். மழையில் மாட்டியதைப் பத்துப் பேர் சேர்ந்தும் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து வாடை வரும். நம் ஊரில் மொட்டை மாடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே சைக்கிள் கொட்டகைக்குள் கட்டை அடுக்கி, அதன் மேல் பிரித்துப் போட்டு, மின்விசிறி வைத்துக் காயவைக்கிறோம். குளிர்காலத்தில் எலி நாரைக் கடிக்கும், தரையிலிருந்து தூக்கித்தான் வைக்க வேண்டும்.

தோல் பந்தை இந்த நார் அரம் போல ராவிவிடும். இருபது ஓவர் முடிவதற்குள் பளபளப்பு போய்விடும். நல்ல பந்தைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். ரன் ஓடும்போது மேட்டில் டைவ் அடித்தால் முழங்கைத் தோல் நிச்சயம் போகும். ஸ்பைக்ஸ் ஷூ கண்டிப்பாகக் கூடாது. வேகப்பந்து வீச்சாளர் கால் ஊன்றும் இடத்தில் நார் சீக்கிரம் பிரியும். அங்கே மட்டும் கித்தான் துணியை இரண்டடுக்காக வைத்து, சணல் கயிறு கோத்த ஊசியால் நாங்களே தைத்துக்கொண்டோம். பட்டறைக்காரர் இதை முதலிலேயே தைத்துக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனில் சொன்னேன், அடுத்த ஆர்டரில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நார்ப் பாய்க்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரி முதல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) எல்லா உறுப்பு நாடுகளின் ஆண்கள் அணிகளுக்கும் சர்வதேச டி20 தகுதி கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் பெல்ஜியத்துக்கு எதிராக ஜெர்மனி தன் முதல் டி20 ஆடியது. 2020 ஆகஸ்டில் ஆஸ்திரியாவுக்கு எதிராக ஜெர்மன் மகளிர் அணி கேப்டன் அனுராதா தொட்டபல்லாபூர் நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். பெண்கள் சர்வதேச டி20யில் அதை முதலில் செய்தவர் அவர்தான். பெங்களூருக்காரர், இங்கே இதய ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. தகுதி வந்தது, சாதனையும் வந்தது. பந்து ஒழுங்காக எழும்புகிற ஒரு பிட்ச் மட்டும் எங்களைப் போன்ற கிளப்புகளுக்கு இன்னும் வரவில்லை.

பணக் கணக்கைப் பாருங்கள். 2024 முதல் 2027 வரையிலான ஐ.சி.சி. வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம். தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட அசோசியேட் நாடுகள், அதாவது டெஸ்ட் தகுதி இல்லாத உறுப்பு நாடுகள், எல்லாம் சேர்ந்து பிரித்துக்கொள்வது சுமார் 11 சதவீதம். வருமானத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. நானும் அந்த நாட்டுக்காரன்தான். ஆனால் விளையாட்டைப் பரப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு, 2019லும் 2023லும் உலகக் கோப்பையைப் பத்தே அணிகளோடு நடத்தினார்களே, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தப் பத்தில் ஒன்றாக முட்டி மோதி உள்ளே வந்த நெதர்லாந்து, 2023இல் தர்மசாலாவில் தென்னாப்பிரிக்காவை 38 ரன்னில் தோற்கடித்தது. எங்கள் திடலிலிருந்து நெதர்லாந்து எல்லை பக்கம்தான். அங்கேயும் பெரும்பாலான கிளப்புகள் செயற்கைப் பிட்சில்தான் ஆடுகின்றன. 2025 ஜூலையில் இத்தாலி டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது எங்கள் பையன்கள் மேட்டைச் சுருட்டிப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஸ்கோர் பார்த்தார்கள்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் உண்டு என்று 2023இல் முடிவானபின் நகராட்சி அலுவலகத்தில் எங்களுக்கு உட்கார நாற்காலி கிடைக்கிறது. முன்பெல்லாம் பந்தின் எடை எவ்வளவு, வேலிக்கு வெளியே போனால் யார் காருக்குப் பொறுப்பு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது எத்தனை சிறுவர்கள் ஆடுகிறார்கள், பெண் பிள்ளைகள் உண்டா என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல எங்களிடம் பிள்ளைகள் இருப்பதற்கு இந்த மேட் ஒரு காரணம். பந்து முகத்துக்கு வராது என்று தெரிந்த பிறகுதான் தாய்மார்கள் அனுப்பினார்கள்.

ஆகவே என் முடிவு: அடியில் கெட்டித் தரை இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், ஐந்துக்கு நாலரை. புல்தரை மட்டும்தான் என்றால், ஆட்டத்துக்கு முந்தின நாள் உருளை ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று முதலில் பேசிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 33 அடி பாதி மேட் வாங்கி, பேட்ஸ்மேன் பக்கம் மட்டும் விரியுங்கள். செலவும் பாதி, தூக்குவதும் சுலபம். மழை நாடாக இருந்து, காயவைக்கக் கூரை போட்ட இடம் இல்லையென்றால் இது வேண்டவே வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கேன்வாஸ் ஓரம் இரட்டைத் தையலா, வளையங்கள் துருப்பிடிக்காத வகையா, கால் ஊன்றும் இடத்தில் கூடுதல் துணி வைத்துத் தருவார்களா என்று. கன்டெய்னரில் வேறு யாராவது சரக்கு அனுப்பும்போது அதோடு சேர்த்து அனுப்பச் சொன்னால் கூலி நன்றாகக் குறையும். நாங்கள் அப்படித்தான் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் அரிசி மூட்டைகளோடு இறக்கினோம். சுங்கத்தில் வீண் கேள்வி வரலாம். கிரிக்கெட் ஆட விரிக்கும் தென்னை நார் மேட் என்று பில்லிலேயே தெளிவாகப் போடச் சொல்லுங்கள்.