'பர்னிச்சர்ஸ்' போயிற்று, 'டமேஜஸ்' தங்கிற்று: ஆங்கிலத் திருத்தியோடு நான்கு ஆண்டுகள்

ஆங்கில இலக்கணப் பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றின் ஆண்டுச் சந்தா இப்போது குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று அக்கரைப்பற்று நண்பர் கேட்டிருக்கிறார். மட்டக்களப்பில் தொண்டு நிறுவனமொன்றுக்கு அறிக்கை எழுதும் நான் அதை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எழுத்துப்பிழை, காற்புள்ளி எல்லாம் அவருக்கே தெரியும். என் வழக்கு முழுவதும் பன்மையோடுதான்.

'பர்னிச்சர்ஸ்', 'எகுயிப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று நான் எழுதிவந்தது கவனக்குறைவால் அன்று. தளபாடங்கள், உபகரணங்கள், தகவல்கள் என்று தமிழில் எண்ணிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் தானாகவே 'எஸ்' சேர்த்துவிடும். அங்கே இவை எண்ணாப் பெயர்கள், பன்மை ஏற்காதவை. (பிரெஞ்சுக்காரரும் தகவலைப் பன்மையில் சொல்பவர்களே என்றறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.) இந்தப் பழக்கத்தை முதலாண்டிலேயே மென்பொருள் மாற்றிவிட்டது, அதை மறுத்தால் நன்றிகெட்டவனாவேன்.

ஆனால் 'ஃபிஷ்' போல வழக்கமாகப் பன்மையிலும் வடிவம் மாறாத பெயருக்குப் பன்மை விகுதி சேர்க்கும் இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு என்பது அதற்குப் பிடிபடவில்லை. வாவி மீன்வளம் பற்றிய அறிக்கையில், பல இன மீன்களைச் சேர்த்துச் சொல்லும்போது உயிரியலாளர் வழக்கப்படி 'ஃபிஷஸ்' என்றே எழுதுகிறேன். உடனே கீழே நீலக்கோடு விழுகிறது. புறக்கணிக்கச் சொன்னாலும், அடுத்த பத்தியில் அதே சொல்லின் கீழ் அதே கோடு. பாடும் மீன்களின் ஊர் எனப்படும் மட்டக்களப்பிலிருந்து எழுதுபவனுக்கு இது எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். வெள்ளத்தால் வீடுகளுக்கு ஏற்பட்ட சேதங்களைத் தொகுத்து, தலைப்பில் 'டமேஜஸ்' என்று போட்டேன். ஒரு கோடும் விழவில்லை. ஆங்கிலத்தில் 'டமேஜ்' என்றால் சேதம், 'டமேஜஸ்' என்றால் நீதிமன்றம் வழங்கும் நட்டஈடு. கொழும்பிலிருந்து அழைத்த அதிகாரி, "யார்மீது வழக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது. சரியான சொல்லை ஓயாமல் குடைந்த மென்பொருள், பொருளையே மாற்றிய சொல்லைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டது.

என் ஆங்கிலத்தை எந்த வகுப்பும் இந்த அளவுக்குத் திருத்தியதில்லை என்பது உண்மை. ஆயினும் நண்பரே, வாங்க வேண்டாம். அடுத்த மாதம் கேட்டால் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். இன்று காலையில் மட்டும் பதினொரு முறை 'ஃபிஷஸ்' என்று எழுதியிருக்கிறேன்.